நம் பேரில் கட்டிய காசு



கண்ணில் புரை விழுந்த அம்மா ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளியில் வாங்கிவரச் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் தோடு அடகுக்குப் போகிறது. இன்னமும் கொழுந்து எடுக்கப் போகிறவர் அவர். அவர் பேரில் தோட்டம் மாதாமாதம் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) கட்டிவருகிறது. அந்த நிதியத்திடம் லென்ஸ் செலவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஈ.டி.எப். என்றால் வேலையை விடும்போது கைக்கு வரும் ஒரு தொகை, அவ்வளவுதான். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான ஊழியர் நம்பிக்கை நிதியம் அதைவிடப் பெரியது. ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்காமல், சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தொழில்தருநர் தன் கையிலிருந்து கட்டவேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஒரு நாள் வேலைக்கு 40 ரூபா 50 சதம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் லென்ஸ், ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சை ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இழப்பீடும் இந்த நிதியத்தில் உண்டு. இது நம் உழைப்பின் பேரில் ஏற்கெனவே கட்டப்பட்ட காப்புறுதி. தயவு கேட்டு வாங்கும் பணமல்ல.

அப்படியிருந்தும் அது லயத்துக்கு வந்து சேர்வதில்லை. முதல் தடை பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்குள் எத்தனை பேர் சலித்துப்போய்க் கைவிட்டிருப்பார்கள்! 2016 மே மாத மண்சரிவில் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் உயிர்களோடு வீடுகளும் புதைந்தன. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பத்திரத்தை எடுத்துக் காட்டுவது?

அடுத்தது மொழி. சப்ரகமுவவில் அலுவலகம் சிங்களத்தில் நடக்கிறது. படிவமும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கைக்கு வரும். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை 1988இன் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. கவுண்டருக்கு அப்பால் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் அந்த உரிமையை எங்கே போய்க் கேட்பது?

மூன்றாவதுதான் எனக்குப் பெருங்கவலை. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோ கணக்கில் கொழுந்துக்குக் காசு தரும் முறை பரவிவருகிறது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களிலும் பலர் கைக்காசுக்கு வேலை செய்கிறார்கள். செக்ரோலில் பேர் விழாதவருக்கு யாரும் ஈ.டி.எப். கட்டுவதில்லை. அது இல்லாதபோது இந்த உதவிகளும் இல்லை. உடம்பு தேய உழைத்தும் கணக்கில் வராத மனிதர்களாகிவிடுகிறார்கள் இவர்கள்.

காப்புறுதி இருந்தால் மட்டும் போதாது, அது மக்கள் கைக்கு எட்டவேண்டும் என்ற பாடம் பணக்கார நாட்டுக்கும் லேசில் வரவில்லை. அரசாங்கமே நடத்தும் மருத்துவக் காப்புறுதிச் சந்தையை அமெரிக்கா 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி இணையத்தில் திறந்தது. தளம் அன்றைக்கே முடங்கியது. முதல் நாளில் சேர முடிந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. பிறகு தளத்தைச் சீர்செய்தார்கள். ஆரம்பத்திலிருந்தே, மக்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் விளக்கி விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் வழிகாட்டிகளுக்கு அரசாங்கமே சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டைப் பின்னாளில் வெட்டியபோது ஏழைகளுக்காகப் பேசுகிறவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம்தான்.

அப்படி ஒருவர் நம் தோட்டங்களுக்கும் வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரிந்த அலுவலர் தோட்டத்து மருந்துக் காம்பராவில் வந்து உட்காரட்டும். பெயர்த் திருத்தத்துக்கான சத்தியக் கடதாசியும் அங்கேயே முடியட்டும். கம்பனி, தொழிற்சங்கம், நிதியம் மூன்றும் ஒத்துக்கொண்டால் இது நடக்காத காரியமல்ல. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. காப்புறுதியைக் காட்டி இலவச ஆஸ்பத்திரியில் கைவைக்க யாரும் நினைத்தால் அதற்கு நாம் இடம்கொடுக்கக் கூடாது. கரவனெல்லையிலும் பலாங்கொடையிலும் நம் பிள்ளைகளை உயிரோடு திருப்பித் தருவது அந்த வார்டுகள்தான்.

படித்த தம்பி தங்கைகளே, இந்த மாதம் உங்கள் அம்மா அப்பாவின் அங்கத்துவ இலக்கத்தைத் தோட்டத்து ஒபிசில் கேட்டு வாங்குங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா, கடைசியாக எந்த மாதம் பணம் கட்டியிருக்கிறார்கள், உதவித்தொகைக்கு எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேளுங்கள். கிடைத்த பதிலையும் கிடைக்காமல் போனதையும் நமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்