ரோபோவின் கையும் வைத்தியரின் கையும்

கடந்த மாதம் ஒரு ஞாயிறு காலை, கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை என்பதே சரி. இடுப்பில் தொடங்கி இடது காலின் பெருவிரல் வரை இறங்கும் வலி அவரை மூன்று வாரங்களாக வாட்டி வதைக்கிறது. சுவரைப் பிடித்து நின்றபடியே எம்.ஆர்.ஐ. அறிக்கையை நீட்டினார். நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்பது அதன் சாரம்.

"ரொறன்ரோவில இருக்கிற மச்சான் வீடியோ அனுப்பியிருக்காருங்க ஐயா. மெட்ராஸ்ல ரோபோ வச்சு முதுகு ஒப்பரேஷன் செய்றாங்களாம். கை நடுங்காதாம், தப்பே வராதாம். மடவளையில இருக்கிற பத்து பேர்ச்சஸ் காணிய வித்துடலாமான்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் மனிதர்கள் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். நான் வைத்தியன் அல்லன். ஆனால் விடயம் காணி விற்பனை வரை போய்விட்டபோது வாயை மூடிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. படித்தும் துறைசார்ந்தோரிடம் கேட்டும் அறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். இதே வீடியோ வேறு பல வீடுகளுக்கும் போயிருக்கும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் ரோபோ தானாக நின்று உடலைக் கிழிப்பதில்லை. அது செய்வது வழிகாட்டும் வேலை. முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்பக்க வளைவையும் இணைக்கும் சிறு எலும்புக் கழுத்தொன்று இருபுறமும் உண்டு. நெஞ்சின் நடுப்பகுதியில் அதன் அகலம் 4 அல்லது 5 மில்லிமீற்றரே. உட்புறம் முண்ணாண், வெளிப்புறம் பெரிய இரத்தக் குழாய்கள். இந்த ஒடுங்கிய வழியால் உலோகத் திருகாணியைச் செலுத்தி, அடுத்தடுத்த எலும்புகளைக் கம்பியால் பிணைப்பதே முறிந்த அல்லது வளைந்த முள்ளந்தண்டை நிமிர்த்தி நிறுத்தும் வழி. பிரான்ஸில் ரோய் கமி என்ற நிபுணர் 1963 இல் இதைத் தொடக்கி வைத்தார். அன்று முதல் வைத்தியர்கள் எலும்பின் மேடு பள்ளங்களைக் கண்ணால் கண்டு, துளையின் சுவரை ஊசிமுனையால் தடவி உணர்ந்து, இடையிடையே ஊடுகதிர்ப் படம் பார்த்துத் திருகாணியை இறக்கி வருகின்றனர். ரோபோவோ, சி.ரி. ஸ்கான் படத்தில் முன்கூட்டியே வரைந்த பாதையில் தன் கரத்தை நிறுத்திக் காட்டுகிறது. துளையிடுபவர் பெரும்பாலும் வைத்தியரேதான். இஸ்ரேலில் உருவான ஸ்பைன்அசிஸ்ட் என்ற கருவி 2004 இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய மேசர் நிறுவனத்தை 2018 இல் மெட்ரோனிக் ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு வாங்கியது. வீடியோக்கள் ஏன் இத்தனை பளபளப்பாக இருக்கின்றன என்பதற்கு இந்தத் தொகையே போதிய விளக்கம்.

இனி நண்பரின் அறிக்கையைப் பாருங்கள். பிதுங்கிய தட்டின் துண்டை அகற்றும் சாதாரண சத்திரசிகிச்சையில் திருகாணியே இல்லை. திருகாணி இல்லாத இடத்தில் திருகாணிக்கு வழிகாட்டும் கருவிக்கு என்ன வேலை? அது மட்டுமன்று. இத்தகைய கால் வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கத்தி படாமலே தணிந்துவிடும். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, கால்களுக்கு இடையே மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ கதை வேறு. அப்போது அன்றைக்கே ஓட வேண்டும். ஆனால் ஓட வேண்டிய இடம் விமான நிலையமன்று, கிட்டிய பெரிய வைத்தியசாலை.

சரி, திருகாணி உண்மையிலேயே தேவைப்படுவோர் நிலை என்ன? கித்துள் மரத்திலிருந்து விழுந்தவர், வளைவில் கவிழ்ந்த முச்சக்கர வண்டிக்காரர், முதுகு கோணிய பள்ளிச் சிறுமி ஆகியோரைப் பற்றிய வினா இது. இங்கே பந்தயம் அவ்வளவு நேரானதாக இல்லை. 2012 இல் ஜேர்மனியில் 60 நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளியானது. கையால் செலுத்திய திருகாணிகளில் 93 வீதம் சரியாக அமைந்தன. ரோபோ உதவியுடன் செலுத்தியவற்றில் 85 வீதமே. எலும்பின் சரிவில் கருவி வழுக்கியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்வந்த தலைமுறைக் கருவிகள் தேறிவிட்டன. 2019 இல் வெளியான சீன ஆய்வில், 234 நோயாளரிடையே, எலும்புச் சுவரைத் தாண்டாமல் அமைந்த திருகாணிகள் ரோபோ வரிசையில் சுமார் 95 வீதம், வழமையான வரிசையில் 86 வீதம். வைத்தியர் மீது படும் கதிர்வீச்சும் ரோபோவினால் குறைகிறது. நாள்தோறும் கதிரில் நிற்பவருக்கு அது சிறிய விடயமன்று. ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நோயாளியிடம் வலி எப்படி, நடை எப்படி என்று கேட்டால், இரு வரிசைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இதுவரை நிறுவப்படவில்லை. ஓரிரு மில்லிமீற்றர் விலகல்களில் பல, தீங்கின்றியே கழிந்துவிடுகின்றன.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைத் தமிழர்கள் அறிந்திருப்பது நல்லது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், முதுகு வளைந்த 33 நோயாளர்களிடம் நடத்திய ஆய்வை 2007 இல் வெளியிட்டனர். சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே முப்பரிமாணப் படம் எடுத்து, கருவி எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் காட்டும் முறை அவர்களுடையது. ரோபோக் கரம் எதுவும் இல்லை, கை வைத்தியருடையதே. அந்த உதவியின்றிச் செலுத்திய திருகாணிகளில் 23 வீதம் எலும்புச் சுவரை உடைத்தன. உதவியுடன் செலுத்தியவற்றில் 2 வீதம் மட்டுமே. ஆக, பெரும் இலாபம் கண்ணைக் கூர்மையாக்கியதில் கிடைத்தது. இரும்புக் கரம் அதற்கு மேல் சேர்ப்பது சொற்பமே என்பது என் கணிப்பு.

இப்போது கண்டிக்கு வருவோம். மத்திய மலைநாட்டின் முறிந்த முதுகுகள் எல்லாம் கண்டி தேசிய வைத்தியசாலையையும் பேராதனையையுமே நம்பிக் கிடக்கின்றன. 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இத்தகைய வேளைகளில் முதலில் இறங்குவது ஊர்ச்சனம். கையைக் காலைப் பிடித்துத் தூக்கும் அந்த நல்ல மனத்தினாலேயே, முறிந்த எலும்பு முண்ணாணை நசுக்கிவிடக்கூடும். தோட்டத்து லயனிலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்குள், கற்பாதையில் லொறித் தட்டில் குலுங்கி வரும் நோயாளிக்குத் திருகாணி 95 வீதம் சரியாக அமைந்தென்ன, 86 வீதம் அமைந்தென்ன? 1990 சுவசெரிய வண்டி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆயினும் வண்டி ஏற முடியாத பாதைகள் இன்னும் இருக்கின்றன.

2022 மார்ச் 29 ஐயும் நினைத்துப் பாருங்கள். மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், செய்தியைக் கண்டு வருந்துவதாகவும் உதவுவது பற்றிப் பேசுமாறு தமது உயர் ஸ்தானிகரைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் ட்விட்டரில் எழுதினார். மயக்க மருந்தும் தையல் நூலும் இல்லாத கூடத்தில் ரோபோவை வைத்தால் அது திருமண மண்டபத்து வாசல் பொம்மையைப் போல் நிற்கும். அதைத் தொடர்ந்த காலத்தில் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர் தொகை நூற்றுக்கணக்கில். பயிற்சி பெற்ற ஒரு கை போனால், அதை எந்தக் கொள்வனவுக் குழுவும் கேள்விப் பத்திரம் கோரி வாங்க முடியாது.

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பொதுப்பணம் கையில் இருந்தால் முதலில் திருகாணியும் மயக்க மருந்தும் ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்கட்டும். அடுத்து, படம் காட்டும் வழிகாட்டிக் கருவி வரட்டும். அதற்கு நிகராக, திகன புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களில் கட்டில்களும் பயிற்சியாளர்களும் பெருகட்டும். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சாவது, திருகாணி கோணியதால் அன்று. பத்து இலட்சம் டொலர் அளவில் விலைபோகும் ரோபோ அதன் பிறகு வரட்டும். இயந்திரத்தின் மீது எனக்குப் பகையில்லை. ரோபோ என்ற சொல்லே 1920 இல் காரெல் சாபெக் எழுதிய செக் நாடகத்திலிருந்து வந்தது. அதன் மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். தேயிலைக் கூடை சுமந்து முதுகு தேய்ந்த சனங்களுக்கு அந்தச் சொல் அந்நியமானதன்று.

நண்பருக்கு நான் மருந்து சொல்லவில்லை. நிபுணரைக் கண்டு மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன்: எனக்குத் திருகாணி தேவையா, காத்திருந்தால் என்ன ஆகும், இதே சத்திரசிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? போய் வந்தார். திருகாணி தேவையில்லையாம்; ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும், குறையாவிட்டால் இங்கேயே சிறு சத்திரசிகிச்சை என்றாராம். மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். ரொறன்ரோ மச்சான் இன்னும் சமாதானமாகவில்லை. நேற்று மாலை இன்னொரு வீடியோ வந்திருக்கிறது.