உருட்டிப் பார்த்துவிட்டுச் சுவர் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் குன்னூர் - மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பாறை உருண்டு விழுவதும், பொக்லைன் வரும்வரை வண்டிகள் காத்துக்கிடப்பதும், மலை ரயில் ரத்தாவதும் வாடிக்கை. கல் விழுவதற்காக யார் மீதும் கோபமில்லை. விழுந்ததை அள்ளிய கையோடு அதே இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு சுவரை எழுப்பிவிட்டு, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கோப்பை மூடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் தினமும் கடக்கும் ஒரு வளைவில் அப்படியொரு சுவர் நிற்கிறது. சுவருக்கும் மலைக்கும் நடுவே, வரும் கல் விழுந்து தங்கப் பள்ளம் இருக்க வேண்டும். போன மழையில் சரிந்த மண் அதை விளிம்புவரை நிரப்பி, மேலே உண்ணிச்செடி பூத்துக் குலுங்குகிறது. இனி வரும் கல் அந்த மண்ணில் ஏறிச் சாலைக்கே குதிக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் ஆர்தர் ரிச்சி என்பவர், கல் எங்கே விழும் என்று அறியக் கற்களை உருட்டிவிட்டுப் படமெடுத்து, 1963-லேயே முடிவுகளை வெளியிட்டார். செங்குத்துப் பாறையிலிருந்து விழும் கல் அடியிலேயே விழுகிறது. சற்றுச் சாய்ந்த சரிவில்தான் மோதி எகிறி வெளியே தாவுகிறது. ஆரிகன் மாநிலத்தில் 40, 60, 80 அடி உயரச் சரிவுகளில் சுமார் 11,250 கற்களை உருட்டிப் பார்த்து, பள்ளம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று 2001-ல் கையேடே போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 2,670 கிலோ வரையிலான செயற்கைக் கற்களை மலைச்சரிவில் இறக்கிவிட்டார்கள். சக்கரம் போன்ற தட்டைக் கல், திரண்ட கல்லைவிடப் பக்கவாட்டில் அதிகம் விலகி ஓடியது. நாமோ போன வருடக் கல் வந்த தடத்துக்கு நேர் கீழே மட்டும் சுவர் வைக்கிறோம்!

வெளிநாட்டுக் கணக்கு இங்கே ஒத்துவராது என்பார்கள். உண்மைதான். நீலகிரியில் சார்னோகைட் பாறை மக்கி, செம்மண்ணுக்குள் குண்டுக் கற்களை விட்டுவைத்திருக்கிறது. மண் கரைந்தால் அவை வெளியே வரும். ஊறிய செம்மண்ணில் கல் எப்படித் துள்ளும் என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். பலா பழுத்து, இந்தப் பாதையிலுள்ள பர்லியார் பக்கம் யானைகள் இறங்குமுன், வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டு, ஒரு சரிவிலாவது சோதிக்கட்டும். பாறை விழுந்தால் மூடுகிற சாலைதானே, இதற்காகவும் ஒருநாள் மூடினால் என்ன?

புதுச்சுவருக்கு டெண்டர் விடுவதைச் சோதனை முடியும்வரை நிறுத்திவைத்து, பழைய சுவர்களுக்குப் பின்னால் கிடக்கும் மண்ணை ஐப்பசிக்குள் அள்ளிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்.