காந்தல் யாருக்கு?

எங்கள் வீட்டில் சாதம் அடிப்பிடித்தால் அன்று பாட்டிக்குத்தான் யோகம்! எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு வெண்கலப் பானையைச் சுரண்டி, அந்தக் காந்தலில் மோரை விட்டுக்கொண்டு உட்காருவாள். "எனக்கு இதுதாண்டா பிடிக்கும்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

பாட்டி ஈரான் தேசத்தில் பிறந்திருந்தால் அந்தக் காந்தல் அவளுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அங்கே அது விருந்தாளியின் தட்டுக்குப் போய்விடும். 'தஹ்திக்' என்று அதற்குப் பெயர். 'பானையின் அடி' என்று பொருள். சாதம் அடிப்பிடித்துவிட்டதே என்று அங்கே யாரும் அசடு வழிவதில்லை. பிடிக்கவில்லையே என்றுதான் கவலை!

அதைச் செய்கிற விதத்தைக் கேளுங்கள். நீள அரிசியாகப் பார்த்து எடுத்து, தண்ணீர் தெளியும்வரை களைந்து, உப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முக்கால் வேக்காட்டில் வடிக்கிறார்கள். இதுவரை கிட்டத்தட்ட நம் சமையல்தான். இனிமேல்தான் வித்தை. பானையின் அடியில் வெண்ணெயோ எண்ணெயோ விட்டு, கொஞ்சம் குங்குமப்பூக் கரைசலும் சேர்த்து, சாதத்தைக் கோபுரம்போல் குவிக்கிறார்கள். ஆவி வெளியே வரக் கரண்டிக் காம்பால் நாலைந்து துளை. மூடியைத் துணியால் சுற்றி மூடுகிறார்கள். ஆவி நீராகிச் சாதத்தில் சொட்டக் கூடாதல்லவா? சிறு தீயில் முக்கால் மணி, ஒரு மணி நேரம். இறக்கியதும் பானையின் அடியைக் குளிர்ந்த நீரில் வைத்தால், பொன்னிறக் காந்தல் கழன்றுகொள்ளும்.

கொரியாவில் இதற்கு 'நுருங்ஜி' என்று பெயர். பானையில் ஒட்டியதன்மேல் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, சாப்பாடு முடிந்ததும் அந்தச் சுடுநீரைக் குடிப்பார்கள்.

1955ல் ஜப்பானில் தோஷிபா கம்பெனி தானாக அணைகிற மின்சாரக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பானையில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; வற்றியதும் மேலே ஏறும். காந்தல் பிறப்பது அப்போதுதான். குக்கர் அணைவதும் அப்போதுதான்! ஆனாலும் மனிதர்கள் விட்டார்களா? கொரியாவில் நுருங்ஜியைத் தனியாகச் செய்து பொட்டலம் கட்டி விற்கிறார்கள். ஈரான்காரர்களோ, காந்தல் பிடிப்பதற்கென்றே மின்சாரக் குக்கர் செய்துகொண்டார்கள்!

போன வாரம் எங்கள் வீட்டில் சாதம் அடிப்பிடித்தது. ஒரு துண்டு பெயர்த்து மோரில் தோய்த்துத் தின்று பார்த்தேன். வெண்ணெயும் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. பாதி கருகல், வாயெல்லாம் கசப்பு. பாட்டி சொன்னது எவ்வளவு தூரம் நிஜம் என்று அப்போதுதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. கேட்பதற்கு அவள் இல்லை.

உங்கள் வீட்டிலும் "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு கடைசியில் சாப்பிட உட்காருகிற ஒருத்தி இருப்பாள். அடுத்த தடவை காந்தலை எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு, அவளுக்கு முதலில் நல்ல சாதம் பரிமாறிப் பாருங்கள். காந்தல் உண்மையிலேயே பிடித்திருந்தால், சண்டைக்கு வருவாள்!