900 ரூபாய் பொம்மை வேகனும் என் பட்ஜெட்டும்

வீடியோவுல என் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு கூட்ஸ் வேகன் நிக்குதே, அதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு இன்னைக்கு மறைக்காம சொல்லிடறேன்.

வேகன் செகண்ட் ஹேண்ட், 900 ரூபாய். 1:87 அளவுல வர்ற ஹெச்.ஓ மாடல். நம்ம ஊர் வேகன் இந்த அளவுல ரெடியா கிடைக்கிறது அபூர்வம். வெளிநாட்டு மாடலைப் புதுசா வாங்கலாம்னா, பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70. அதனால பழசை வாங்கி, மீளவிட்டான் பக்கம் தினமும் பார்க்கிற பாக்ஸ்-என் நிலக்கரி வேகன் மாதிரி மாத்தலாம்னு இறங்கினேன்.

மெட்டல் சக்கரம் 650, கப்ளர் 350, ரெட் ஆக்சைடு ஸ்ப்ரே 280, பளபளப்பைக் குறைக்கிற மேட் ஸ்ப்ரே 320, கைப்பிடிக்குப் பித்தளைக் கம்பி 60, வெள்ளை எழுத்து ஸ்டிக்கர் 240. மொத்தம் 2,800. எடை கம்மியா இருந்தா தண்டவாளத்தை விட்டு இறங்கிடும். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தோட கணக்குப்படி இந்த நீளத்துக்கு சுமார் 97 கிராம் வேணும். வலைக்குக் கட்டுற ஈயக்குண்டை உள்ளே ஒட்டி, மேலே அடுப்புக்கரியை நொறுக்கிப் போட்டு மூடிட்டேன். (ஈயத்தைத் தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க.)

துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன எங்க அப்பா கையில வாங்கிப் பார்த்தார். "ஏலே, இவ்வளவு சுத்தமா எந்த வேகன்லே ஓடுது?"

அங்கதான் தூத்துக்குடி உப்பு வந்துச்சு. முதல்ல துரு நிறம் அடிச்சு, காஞ்சதும் தண்ணி தொட்டு, அங்கங்க கல்லுப்பைப் பொடிச்சுத் தூவணும். அதுவும் காஞ்ச பிறகு மேலே பிரவுன் அடிச்சு, உப்பைத் தேய்ச்சு உதிர்த்தா, பெயின்ட் உரிஞ்சு துரு தெரியற மாதிரியே வரும். மாடல் பண்றவங்க உலகம் முழுக்க செய்யறதுதான். உப்புக் காத்து நிஜ வேகனுக்கு வருஷக்கணக்குல பண்றதை நான் ஒரு ராத்திரியில பண்ணேன். இருக்கறதுலயே அழகான வேலை இதுதான், செலவு ஒரு ரூபாய்கூட இல்ல.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். இதை "சேமிப்பு"ன்னு சொல்லாதீங்க. 14 மணி நேர வேலைக்கு 2,800, அதாவது மணிக்கு 200. பாப்கார்னோட சேர்த்தே சினிமா எனக்கு மணிக்கு 150 தான் ஆகுது. "அப்படின்னா செஞ்சு விக்கலாமே ப்ரோ, சைடு இன்கம்!" ஃப்ரெண்ட் ஒருத்தன் 3,500 தர்றேன்னான். லாபம் 700, மணிக்கு 50 ரூபாய். ஆபீஸ் முடிஞ்சு வந்து இன்னொரு டெட்லைனை 50 ரூபாய்க்கு ஏன் வாங்கணும்? பொழுதுபோக்கை பொழுதுபோக்குன்னே எழுதுங்க. என் பட்ஜெட்ல அது மாசம் 1,500, அவ்வளவுதான். மிச்சத்துக்கு அடுத்த மாசம் வரைக்கும் காத்திருப்பேன்.

பர்ஸைக் கடிக்கிறது வேகன் இல்ல, டூல்ஸ். ஏர்பிரஷ்ஷும் கம்பிரஸரும் சேர்த்து 7,200, ஆறு மாச "நோ காஸ்ட்" இ.எம்.ஐ. கிளிக் பண்ணவே போயிட்டேன். ப்ராசஸிங் ஃபீஸும் வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி-யும் நம்ம தலையிலதான். மூணு வேகன் முடிக்காம ஏர்பிரஷ் கிடையாதுன்னு முடிவு பண்ணேன். ஸ்ப்ரே டின்லயே கை நிதானம் வராதவனுக்கு ஏர்பிரஷ் எதுக்கு?

அடுத்த ஆபத்து, "முழு ரேக்". நிஜத்துல 58 வேகன். இந்த மாடல்ல கணக்குப் போட்டா நீளமே 7 மீட்டர் தாண்டும், என் வாடகை வீட்டு ஹால்ல கொள்ளாது. துல்லியத்துக்கும் எல்லை உண்டு. நம்ம பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், அதுக்கு மாடல் தண்டவாளம் 19.3 வேணும், கடையில கிடைக்கிறது 16.5. அதை நான் தொடவே இல்ல.

ரெண்டாவது வேகனுக்கு பெயின்ட், கம்பி எல்லாம் மிச்சம் இருக்கு, 2,140-ல முடியும். அப்பா இப்பவே கதவுக் கொண்டி தப்பான இடத்துல இருக்குன்னு சண்டை போட்டுட்டு இருக்கார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மீளவிட்டான் போய் பார்த்துட்டு வரப் போறோம்.