புலிக்குக் கோப்பு உண்டு

விடிந்தும் விடியாத பொழுதில் பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் கேனிங் லோக்கல் வந்து நிற்கிறது. கூட்டம் கூட்டமாகப் பெண்கள் இறங்குகிறார்கள். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்க, சமைக்க, குழந்தை பார்த்துக்கொள்ள வருகிறவர்கள். பலருக்குச் சொந்த ஊர் சுந்தரவனத்தின் விளிம்பில். சிலர் கணவனைப் புலிக்குப் பறிகொடுத்தவர்கள்.

அந்தக் காட்டில் புலிகளை முன்பு காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். 2004ஆம் ஆண்டுக் கணக்கு 274 என்றது. ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் தடம் பிதுங்கும், கரையும். ஒரே புலி இரண்டாகிவிடும். இப்போது தானியங்கிக் கேமராக்கள் வந்துவிட்டன. ஓதநீர் எட்டாத உயரத்தில், எதிரெதிராக இரண்டு. உடல் வெப்பம் குறுக்கே நகர்ந்தால் படம் பதிவாகும். ஒரு புலியின் கோடுகள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே புலிக்கும் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. அதனால்தான் இரண்டு கேமரா. படங்களைக் கொண்டு போட்ட மதிப்பீடு 2018இல் 88. 2022இல் சுமார் 100. இடையில் புலிகள் கூட்டமாகச் செத்துவிடவில்லை. பழையது சேற்றில் போட்ட கணக்கு.

2018-19இல் நாடெங்கும் 26,838 இடங்களில் கேமரா வைத்து ஏறத்தாழ 3.5 கோடி படங்கள் எடுத்தார்கள். கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

அதே சுந்தரவனத்துக்குள்தான் நண்டுக்கும் தேனுக்கும் ஆட்கள் போகிறார்கள். அனுமதிச் சீட்டு எல்லோருக்கும் கிடைப்பதில்லை; மையப் பகுதிக்குள் நுழையவே தடை. சீட்டில்லாமல் போனவரைப் புலி அடித்தால், அபராதத்துக்குப் பயந்து வீட்டார் வாய் திறப்பதில்லை. சாவு பதிவாகாது, இழப்பீடும் வராது. மனைவிக்கு மிஞ்சுவது 'புருஷனை விழுங்கியவள்' என்ற ஏச்சும் கேனிங் லோக்கலும்தான்.

2023இல் ஒரு விதவையின் வழக்கில், தடைப் பகுதிக்குள் போனார் என்பதற்காக இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, ரூ. 5 லட்சம் தர உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் வரை போகவே ஒரு காகிதம் வேண்டும். புலி அடித்தது என்று எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு புலிக்கும் கோடு கோடாகக் கோப்பு வைத்திருக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். புலியால் செத்தவர் பெயரையும் பயமில்லாமல் பதிந்துகொள்ள வழி செய்தால், அந்தக் கிராமங்களில் புலிக்கும் வேண்டியவர்கள் கொஞ்சம் கூடுவார்கள்.