ஓசியா, உரிமையா?

2021 மே 8 முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாயினர். அதனை ‘ஓசி’ என்று எள்ளி நகைப்போர் நம்மிடையேயும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: உங்கள் கார் ஓடும் ஊர்ச்சாலை யார் பணத்தில் போடப்பட்டது? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறார் அன்றோ?

நம் குறை வேறு. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது சிதம்பரத்தில். பிணியுற்ற பிள்ளையுடன் கடலூரிலிருந்து செல்லும் தாய் ஏறுவதோ புறநகர்ப் பேருந்து. திட்டம் தொடங்கியபோதே அதனை விலக்கிவிட்டது.

இது ஆகாத காரியமன்று. லக்சம்பர்க் நாடு 2020-இலேயே பொதுப் போக்குவரத்தை யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. இங்கும் கட்டணம் நீங்கட்டும், பேருந்துகளும் பெருகட்டும். காருடையோரும் அதே பேருந்தில் ஏறட்டும். அதுவே உண்மையான சமபந்தி.