வில்லை வாங்கினீர்கள், வீட்டையுமா?

கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உள்ள கரடிக்கல்லு அத்தூர் கொல்லிக்குத் திரும்பிய ஜேனு குருபர் பழங்குடிகளின் வன உரிமை விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்த முடிவை ஏற்க முடியாது. 2025 மே 5 அன்று 52 குடும்பங்கள் தங்கள் மூதாதையர் நிலத்தில் மீண்டும் குடிசை போட்டன. அந்த மாதம் முடிவதற்குள் பல விண்ணப்பங்கள் தள்ளப்பட்டுவிட்டன. செயற்கைக்கோள் படங்களில் குடியிருப்பு தெரியவில்லை என்பது வனத்துறையின் வாதம். சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே கிளப்பிவிடப்பட்டதாகச் சொல்லும் மக்களின் மூங்கில் தட்டி வீடு, மரங்கள் மூடிய காட்டை வானத்திலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்? 2012-ல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள், இத்தகைய படங்கள் மற்றச் சான்றுகளுக்குத் துணை நிற்கலாம், அவற்றுக்கு மாற்றாகக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம் சான்று. இடுகாடு சான்று. சாமி கல் சான்று. இவற்றையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எடைபோடாமல் எடுத்த முடிவு சட்டப்படியான முடிவா?

செயற்கைக்கோள் படம் காகிதத்தில் எழுதிய காரணம். பேச்சில் அடிபடும் காரணம் வேறு. "வேட்டைக்காரச் சனம், உள்ளே விட்டால் மான் மிஞ்சாது" என்பது அது. பெங்களூரில் படித்தவர்கள் கூடும் இடங்களிலும் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எங்களால் பொறுக்க முடியாதது இந்தப் பேச்சுதான்.

வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போவது என்றால் என்ன என்று இவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்களா? வில்லாளி மானுக்கு முப்பது தப்படிக்குள் போயாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சருகு காலில் மிதிபடக் கூடாது. மரத்திலிருக்கும் மந்தி குரல் கொடுத்துவிட்டால் அன்றைய பொழுது வீண். அம்பு தைத்தாலும் மான் அங்கேயே விழுவதில்லை. இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் புதர் புதராக, சில வேளை இருட்டும்வரை பின்தொடர வேண்டும். அடிபட்ட உயிரைப் பாதியில் விட்டுவிட்டு வருவது வேடனுக்கு இழுக்கு. ஒரு நாள் முழுக்க அலைந்தும் வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம். கிடைத்த நாளில் ஒரு கடமானோ கேளையாடோ ஊர் முழுக்கப் பங்காகும்.

கொலை கொலைதான். அதை நாங்கள் மறைக்கவில்லை. அம்பு பட்ட மானின் வலி குண்டு பட்ட மானின் வலியைவிடக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முறைக்குள்ளேயே ஓர் அளவு இருந்தது. இத்தனை அருகில் நெருங்கி, கண்ணைப் பார்த்து எய்கிறவன் நூறு மானைக் கொல்ல முடியாது. காட்டைக் காலி செய்தவை வில்கள் அல்ல. பந்திப்பூர் மைசூர் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்தது என்பதை எல்லோரும் அறிவோம். நீலகிரியில் 1879-ல் வெள்ளையர் கொண்டுவந்த வேட்டை, மீன்பிடிச் சட்டம் துரைமார்களின் துப்பாக்கிக்கு மான் குறையாமல் பார்த்துக்கொள்ள வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டுப் பணக்காரர்களை அழைத்துவந்து சுடவைக்கும் ஷிகார் கம்பெனிகள் நாடெங்கும் நடந்தன. இன்று மானைக் கொல்வது சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலி, இரவில் விளக்கடித்து ஓடும் ஜீப், நாட்டுத் துப்பாக்கி. காட்டோரத்திலிருந்து மான்கறி நகரத்துக்கு வருகிறது என்றால், வாங்குகிறவன் நகரத்தில் இருக்கிறான். அவனை வேட்டைச் சமூகம் என்று யாரும் அழைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அதன் 65-வது பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த வேட்டை உரிமையை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தது. குருபர், சோளிகர், இருளர் எவருக்கும் அந்த விலக்கு இல்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகளை எல்லாம் அங்கீகரித்துவிட்டு, வேட்டை உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. பேரம் தெளிவானது. வேட்டையை விடு, நிலம் உனது. தங்கள் பங்கை அந்த மக்கள் கொடுத்து அரை நூற்றாண்டு ஆகிறது. கரடிக்கல்லில் அவர்கள் கேட்டது வில் இல்லை, வீடு. வேட்டைக்கான கணக்கைச் சட்டமே தனியாகத் தீர்த்துவிட்ட பிறகு, அதே பழியை வீட்டு மனுவின் மேல் ஏற்றுவது எந்த நியாயம்?

வேட்டையை இந்த மண் கேவலமாகப் பார்த்ததே இல்லை. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆதகூர் நடுகல்லைப் பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டில் காட்டுப் பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்கு நட்ட கல் அது. அதற்குப் பூசை செய்ய ஏற்பாடும் செய்தார்கள். நம் பக்கத்தில் காளத்தி வேடன் கண்ணப்பர் நாயன்மாராகக் கோயில் கோயிலாக நிற்கிறார். நாய்க்கும் நாயன்மாருக்கும் கொடுத்த மதிப்பில் ஒரு துளி உயிரோடிருக்கும் மனிதனுக்கு இல்லை.

இந்த முடிவை எடுத்தவர்களின் பழைய கணக்கையும் திறந்தாக வேண்டும். மனிதன் நுழைந்தால் காடு கெடும் என்கிற இதே நாற்காலிகள்தான் 1990-களில் நாகரஹொளேவுக்குள் ஓட்டல் நடத்த ஒரு பெரிய நிறுவனத்துக்குக் குத்தகை கொடுத்தன. ஆதிவாசிகள் போராடினார்கள், 1997-ல் உயர் நீதிமன்றம் தடுத்தது. நீதிமன்றம் அமைத்த முசாபர் அஸ்ஸாதி குழு, அந்தக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட 3,418 குடும்பங்களைக் கணக்கெடுத்து 2014-ல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை முழுமையாக நிறைவேறியிருந்தால் கரடிக்கல்லுக்கு யார் திரும்பியிருப்பார்கள்? நம் ஊர் வாசலில் உள்ள பன்னேர்கட்டாவைப் பாருங்கள். அதன் சூழல் பாதுகாப்பு வளையம் வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர். 2020-ல் வந்த இறுதி அறிவிக்கையில் 168.84. நூறு சதுர கிலோமீட்டரைக் கோடு போட்டு அழித்த கைக்கு மான்மேல் எப்போது இத்தனை கரிசனம் வந்தது?

உயிர்களும் போயிருக்கின்றன. 2022 அக்டோபரில் மான்கறி வைத்திருந்ததாகப் பிடித்துப்போன எச்.டி.கோட்டைப் பழங்குடி ஒருவர் வனத்துறைக் காவலில் இறந்தார். 2023 பிப்ரவரியில் பாலாற்றுப் பக்கம், மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்று சொல்லி நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சேலம் மாவட்டம் கோவிந்தபாடி மீனவர் ஒருவர் பிணமாக மீட்கப்பட்டார். விசாரணை, அறிக்கை, இடமாற்றம் என்று காகிதம் நகர்கிறது. போன உயிருக்குப் பொறுப்பேற்று அந்த நாற்காலிகளிலிருந்து ஒருவராவது எழுந்ததுண்டா? மானுக்கு ஈடாக மனிதனை நிறுத்தும் இந்தத் துணிச்சலை யார் கொடுத்தது?

அதே துறையின் யானை முகாம்களில் பாகர்களாகவும், காவடிகள் எனப்படும் துணைப் பாகர்களாகவும் இருக்கிறவர்கள் பெரும்பாலும் ஜேனு குருபர்கள். தசராவுக்கு மைசூர் வரும் யானைகள் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன. காட்டுத் தீயை அணைக்க அவர்கள் வேண்டும். புலியின் தடம் காட்ட அவர்கள் வேண்டும். இரவு திரும்பிப் படுக்க மட்டும் அந்தக் காட்டில் அவர்களுக்கு இடம் கிடையாது.

நிராகரிப்பைத் திரும்பப் பெறுங்கள். கிராம சபையின் முன் உட்கார்ந்து, அவர்கள் காட்டும் இடங்களைக் காலால் நடந்து பார்த்து, மறுபடி முடிவெடுங்கள்.

குடகின் தேவரபுரத்தில் ஆண்டுதோறும் மே மாதம் குண்டே ஹப்பா நடக்கிறது. வேட்டைக்கு அழைத்துப்போன அய்யப்பன் நடுக்காட்டில் தங்களைக் கைவிட்டு பத்ரகாளியோடு போய்விட்டான் என்பது குருபர்களின் கதை. அந்தக் கோபத்தில் வேடம் கட்டிக்கொண்டு, ஊரே கூடித் தெய்வத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அடுத்த மே மாதமும் கூடுவார்கள்.